யாரும் ஓடாத ரன்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் கூடி இங்கிலீஷ் படிக்கிறோம். கார்மெண்ட்ஸுக்குப் போகிற ஒரு அக்கா, ஆட்டோ ஓட்டுகிற ஒரு அண்ணன், டெலிவரி வேலை பார்க்கும் ஒரு தம்பி, பி.யு.சி. (நம் பிளஸ் டூ மாதிரி) படிக்கும் ஒரு பெண். எல்லோரும் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வேலைக்குப் போன இடத்தில் இந்தியும் இங்கிலீஷும் கலந்த ஏதோ ஒன்று. மூன்று மொழியை அனாயாசமாகச் சமாளிக்கிறவர்கள். நாலாவதில் மட்டும் தயங்குகிறார்கள்.

போன மாதம் அக்கா தன் போனை என்னிடம் நீட்டினார். சூப்பர்வைசர் அனுப்பிய மெசேஜ். "ட்ரையல் ரன் ஓவர். மெரூன் கலர் ரன்னிங். டோன்ட் ரன் நெக்ஸ்ட் பண்டல்."

"ஏம்மா, மூணு இடத்துல ரன்னு இருக்கு. யாருமே ஓடலியே?"

அவர் அதை எப்படிப் புரிந்துகொண்டார் தெரியுமா? ட்ரையல் முடிந்தது. இப்போது லைனில் மெரூன் கலர் ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடிகிறவரை அடுத்த பண்டலை எடுக்க வேண்டாம். அதனால் கையிலிருந்த மெரூன் பண்டலைக் கடைசி பீஸ் வரை தைத்து முடித்திருக்கிறார். சூப்பர்வைசர் சொல்ல வந்ததோ வேறு: மெரூன் துணியில் சாயம் போகிறது, வெள்ளைக் காலரில் ஒட்டுகிறது, தைக்காதே, நிறுத்து. அன்று அவருக்கு நல்ல திட்டு. இத்தனைக்கும் அவர் புரிந்துகொண்டதில் ஒரு தப்பும் இல்லை. தையல் லைனில் "இப்ப என்ன கலர் ரன்னிங்?" என்று கேட்டால், எந்த நிறம் தைக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். ஒரே சொல், ஒரே வாக்கியம், இரண்டு அர்த்தமும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே உயிரோடு இருக்கின்றன.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் எப்படி வருகிறது, அதில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இந்த ரன் என்ற சொல்லை வைத்தே பார்க்கலாம். சின்னச் சொல்தான், மூன்றே எழுத்து. ஆனால் ஆங்கிலத்தில் இதைவிட அதிகமாக உழைக்கிற சொல்லைத் தேடுவது கஷ்டம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு செட் என்ற சொல்லுக்கு. அதன் வினைக்கு மட்டும் 430 பொருள் வரை பிரித்திருந்தார்கள். பிறகு அகராதியைத் திருத்தியபோது ரன் அதைத் தாண்டிவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் ஒன்பது மாதம் உட்கார்ந்து, ரன் என்ற வினைச்சொல்லுக்கு 645 பொருள் என்று 2011 வாக்கில் முடித்தார். பெயர்ச்சொல்லாக வரும் ரன் இந்தக் கணக்கில் சேராது.

இந்த எண்ணைச் சொன்னதும் பி.யு.சி. பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். 645-ஐயும் மனப்பாடம் பண்ண வேண்டுமோ என்ற பயம். வேண்டியதில்லை. தமிழில் ஓடு என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று நாம் யாரும் எண்ணிப் படித்ததில்லையே.

தண்ணி ஓடுது. வண்டி ஓடுது. மிஷின் ஓடுது. தியேட்டரில் படம் ஓடுது. கடியாரம் ஓடலை. வருஷம் எப்படி ஓடிப்போச்சு. மாமியார் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது கையும் ஓடலை, காலும் ஓடலை. இதில் கால்களால் ஓடுகிறவர் ஒருவருமில்லை. கடைசி வாக்கியத்தில் கால் வருகிறது, அதுவும் ஓடவில்லை. யாரும் நமக்கு இதையெல்லாம் தனித்தனியாகச் சொல்லித்தரவில்லை. ஓடுவது என்றால் நிற்காமல் போய்க்கொண்டிருப்பது என்று ஒரு படம் மனசில் இருக்கிறது. தண்ணீர், வண்டி, வருஷம் என்று எது வந்தாலும் அந்தப் படத்தை எடுத்து மாட்டிக்கொள்கிறோம்.

ரன்னும் அப்படித்தான். நடுவில் இருப்பது வேகம் இல்லை, தடைபடாத போக்கு. இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி அர்த்தங்கள் தானாக விளங்கும்.

முதலில் தண்ணீர். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் மூதாதை ரின்னன். அப்போதே அதற்கு ஓடுவதும் பொருள், நீர் பாய்வதும் பொருள். ஜெர்மன் மொழியில் இதன் உறவுச்சொல் ரின்னென் இன்றும் ஒழுகுவதையும் வழிவதையும்தான் குறிக்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் ஆறு ரன் ஆகும், குழாய் ரன் ஆகும், சளி பிடித்தால் மூக்கு ரன் ஆகும், அழுதால் கண்மை ரன் ஆகும், துவைத்தால் சாயம் ரன் ஆகும். அக்காவை மாட்டிவிட்ட ரன் இதுதான். துணியோடு நிற்க வேண்டிய நிறம் தண்ணீரோடு சேர்ந்து வழிந்து பக்கத்துத் துணிக்குப் போகிறது.

இப்போது இதே ஐந்தையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆறு ஓடுது. குழாயில் தண்ணி வருது. மூக்கு ஒழுகுது. மை வழியுது. சாயம் போகுது. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதை நாம் ஐந்து சொல்லாகப் பிரித்துவிட்டோம். யாராவது "என் மூக்கு ஓடுது" என்று சொன்னால் அவர் இங்கிலீஷில் நினைத்துத் தமிழில் பேசுகிறார் என்று உடனே தெரிந்துவிடும். நேர் எதிராகவும் உண்டு. "கையும் ஓடலை, காலும் ஓடலை" என்பதை ரன் போட்டு ஆங்கிலத்தில் சொன்னால் கேட்பவருக்குக் கை கால் வழங்கவில்லையோ என்று பதற்றம்தான் வரும்.

பழகுகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரே தமிழ்ச் சொல்லை எழுதி நோட்டில் கோடு போடாதீர்கள். ரன் சமம் ஓடு என்று எழுதிய அந்த நோட்டுதான் அக்காவுக்குத் திட்டு வாங்கித் தந்தது. ரன்னின் நிலமும் ஓடுவின் நிலமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, நடுவில் கொஞ்சம் பொதுவாகவும் இருக்கின்றன. வரப்பு மட்டும் ஒரே இடத்தில் இல்லை.

இந்த வரப்பு விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கடை. இங்கிலீஷ்காரர் கடையை ரன் பண்ணுவார். நாம் கடையை நடத்துகிறோம். நடத்து என்ற சொல்லை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது நட. நடக்க வைப்பது. அவர்கள் கடையை ஓட விடுகிறார்கள், நாம் நடக்க விடுகிறோம். பள்ளிக்கூடம் நடத்துவது, கல்யாணம் நடத்துவது, குடும்பம் நடத்துவது எல்லாமே நடைதான். எங்கள் தெருவில் கன்னடத்தில் கேட்டாலும் அங்கடி நடெஸ்தாரெ என்பார்கள், அதே நடை. இந்தியில் துகான் சலானா. அந்த சல்னாவிலும் நடப்பது இருக்கிறது. வேகத்தை மாற்றிக்கொண்டார்களே தவிர, ஒரு காரியத்தை நிற்காமல் முன்னே கொண்டுபோவதற்குக் காலின் அசைவைத்தான் எல்லோரும் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

தேர்தல் இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் பதவிக்குப் போட்டியிடுகிறவர் ரன் பண்ணுகிறார். பிரிட்டனில் ஸ்டாண்டு, அதாவது நிற்கிறார். நாமும் தேர்தலில் நிற்கிறோம். அமெரிக்கச் செய்தியைப் படிக்கும்போது "ரன் ஃபார் ப்ரெசிடென்ட்" என்று வந்தால் அவர் எங்கேயும் ஓடவில்லை, நம் ஊர்க் கணக்கில் நிற்கிறார்.

காய்ச்சலுக்கு ஆங்கிலத்தில் ரன், தமிழில் அடிக்கும். சாலை ஆங்கிலத்தில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ரன் ஆகும், தமிழில் போகும். சர்க்கரை வியாதி ஒரு குடும்பத்தில் ரன் ஆகிறது என்றால் பரம்பரையாக வருகிறது என்று அர்த்தம். துணிக்கடையில் ரன்னிங் மீட்டர் என்பார்களே, அகலம் எதுவானாலும் நீளத்தை மட்டும் அளந்து விலை போடுவது, அதிலும் இந்த நீண்டு போகிற போக்குதான். இவற்றை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இலக்கணத்தில் ஒரு விஷயம் மட்டும் கட்டாயம் தெரிய வேண்டும். தமிழில் ஓடு வேறு, ஓட்டு வேறு. தானே செய்தால் ஓடு, பிறரை அல்லது பிறிதொன்றைச் செய்ய வைத்தால் ஓட்டு. நட, நடத்து என்பதும் இதே ஜோடி. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தது இதுதான். ஆங்கிலத்தில் ரன்னுக்கு இந்த வேறுபாடு சொல்லின் உருவத்தில் கிடையாது. மிஷின் ஓடினாலும் ரன், அக்கா மிஷினை ஓட்டினாலும் ரன். அப்படியென்றால் எங்கே பார்ப்பது? ரன்னுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். நேராக ஒரு பொருளோ அமைப்போ வந்து நின்றால், "ரன் தி மெஷின்", "ரன் எ ஹோட்டல்", "ரன் தி கோட்" என்று வந்தால், பெரும்பாலும் ஓட்டு, நடத்து, இயக்கு என்ற பக்கம்தான். ஒயிட்ஃபீல்டு ஐ.டி. ஆபீஸ்களில் நாள் முழுக்கக் கேட்கும் ரன் இந்தக் கடைசி வகை. எழுதிவைத்த கட்டளைகளைக் கம்ப்யூட்டர் முதலிலிருந்து ஒவ்வொன்றாக நிறைவேற்றுகிறது, அங்கேயும் தடைபடாத போக்கு.

டெலிவரி தம்பிக்கு கிரிக்கெட் வேண்டும். சரி, அதையும் பார்ப்போம், ஏனென்றால் பொருள் எப்படி நகர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ரன் என்றால் பேட்ஸ்மேன்கள் இருவரும் ஓடி இடம் மாறுவது. ஒரு முறை மாறினால் ஒன்று. அதனால் அந்த எண்ணிக்கைக்கே ரன் என்று பெயர் வந்தது. பிறகு பந்து தரையில் பட்டு எல்லைக் கோட்டை எட்டினால் நாலு, தரையில் படாமலே தாண்டினால் ஆறு. அதற்கு ஓட வேண்டாம். ஆனாலும் ரன்தான்.

2013 ஏப்ரல் 23 அன்று நம் சின்னசாமி ஸ்டேடியத்தில் கிறிஸ் கெயில் 66 பந்தில் 175 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். அதில் ஃபோர் 13, சிக்ஸ் 17. தம்பி போனில் கணக்குப் போட்டான். 13 நாலு 52, 17 ஆறு 102, மொத்தம் 154. அப்படியென்றால் ஓடி எடுத்தது 21 மட்டும். 175 ரன்னில் 154 ரன்னுக்கு அவர் ஓடவே வேண்டியிருக்கவில்லை. ஓட்டத்துக்கு வைத்த பெயர், ஓட்டத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையோடு தங்கிவிட்டது. தமிழ்ச் செய்திகளிலும் சிலர் அதை ஓட்டம் என்றே மொழிபெயர்க்கிறார்கள், "ஓட்டங்கள் குவித்தார்" என்று. நமக்கும் அது உறுத்தவில்லை. சொற்கள் பொருள் மாறுவது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் முடிவெடுத்து மாற்றுவதில்லை. பழைய பொருளின் ஒரு ஓரம் மட்டும் தேவைப்படுகிறது, அந்த ஓரமே பிறகு முழுப் பொருளாகிவிடுகிறது.

ரயில் அறிவிப்பும் இதே ரகம். கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் "இஸ் ரன்னிங் லேட்" என்று அறிவிக்கும்போது அந்த வண்டி ஜோலார்பேட்டையில் சிக்னலுக்காக நின்றுகொண்டிருக்கலாம். நின்றுகொண்டே ரன்னிங். கால அட்டவணைப்படி போக்கில் இருக்கிறது, அந்தப் போக்கு தாமதம் என்பதுதான் செய்தி. ரன்னிங் ஸ்டேட்டஸ் பார்க்கிறவர்கள் யாரும் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று குழம்புவதில்லை, பழகிவிட்டது.

இனி ரன்னோடு சேர்ந்து வரும் குட்டிச் சொற்கள். அவுட், இன்டு, ஓவர் போன்றவை. பழகுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், அதனால் அவசரப்படாமல் பாருங்கள். ஆட்டோ அண்ணனுக்கு ஒரு நாள் மெஜஸ்டிக்கில் ஊர்க்காரர் ஒருவர் தற்செயலாக எதிரே வந்திருக்கிறார். சவாரிக்கு ஏறிய அம்மாவிடம் தாமதத்துக்குக் காரணம் சொல்ல, "ஐ ரன் ஓவர் மை ஃப்ரெண்ட்" என்றிருக்கிறார். அந்த அம்மா இறங்கிப் போய்விட்டார். ரன் ஓவர் என்றால் மேலே வண்டியை ஏற்றிவிட்டேன் என்று பொருள். அவருக்கு வேண்டியிருந்தது "ஐ ரேன் இன்டு மை ஃப்ரெண்ட்". எதேச்சையாகப் பார்த்தேன் என்பது. "சரி, இன்டு போட்டா சந்திக்கிறது, அவ்வளவுதானே?" என்றார். அதுவும் இல்லை. நண்பரோடு ரன் இன்டு என்றால் சந்திப்பு. மரத்தோடு ரன் இன்டு என்றால் மோதல். சிக்கலோடு ரன் இன்டு என்றால் மாட்டிக்கொள்வது.

ரன் அவுட்டும் இப்படித்தான். வீட்டுக்குள்ளிருந்து ரன் அவுட் என்றால் வெளியே ஓடினார். மைதானத்தில் என்றால் கோட்டைத் தொடுமுன் ஸ்டம்பைத் தட்டிவிட்டார்கள். ஆட்டோ அண்ணன் கேஸ் பங்க் வரிசையில் நின்று "ரேன் அவுட் ஆஃப் கேஸ்" என்றால், தீர்ந்துபோச்சு. பால், பணம், பொறுமை எதுவும் இப்படித் தீரலாம்.

இத்தனை அர்த்தத்தில் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு வழி நம்மிடமே இருக்கிறது, அதுவும் மிகப் பழைய வழி. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில், பல பொருள் தரும் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லும்போது, "வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும்" என்று வருகிறது. அதனோடு வரும் வினை, அதன் இனம், அதன் சார்பு, இந்த மூன்றாலும் பொருள் தெளியும். உரைகாரர்கள் காட்டும் உதாரணம் மா. மா பூத்தது என்றால் மரம், பூப்பது என்ற வினை காட்டிக்கொடுக்கிறது. மாவும் மருதும் ஓங்கின என்றால், பக்கத்தில் இன்னொரு மரத்தின் பெயர் நிற்பதால் அதுவும் மரம். கவசம் போட்டுக்கொண்டு நிற்கிற ஒருவர் மா கொண்டுவா என்றால் குதிரை, அவர் நிற்கும் நிலையே சொல்லிவிடுகிறது.

ரன் வினைச்சொல் என்பதால் முதல் வழியைத் திருப்பிப் போடுங்கள். எது ரன் ஆகிறது என்று கேளுங்கள். மூக்கா, மிஷினா, சாலையா, கடையா? அடுத்தது பக்கத்துச் சொற்கள். துவைப்பது, சாயம், தண்ணீர் என்று கூட்டம் இருந்தால் வழியும் ரன். பேலன்ஸ், பெட்ரோல், பால் என்று இருந்தால் தீரும் ரன். கடைசியில் சார்பு. எங்கே, யார், யாரிடம், எதற்காகச் சொல்கிறார்? அக்காவின் மெசேஜில் முதல் இரண்டு வழியும் கைகொடுக்கவில்லை. கலர் என்பது சாயமாகவும் இருக்கலாம், தைக்கிற ரகமாகவும் இருக்கலாம். அடுத்து வந்த வாக்கியம்தான் துப்பு. மெரூன் ஒழுங்காக ஓடுகிறது என்றால் அடுத்த பண்டலை எதற்காகத் தடுக்க வேண்டும்? அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் சாயம் வரை போயிருக்கலாம். ஆனால் சொன்னவருக்கும் இதில் பங்கு உண்டு என்பதே என் எண்ணம். இரண்டு அர்த்தம் நடமாடுகிற இடத்தில் "கலர் ப்ளீடிங்" என்றோ, கன்னடத்தில் "பண்ண பிடுத்தே" (சாயம் விடுகிறது) என்றோ எழுதியிருந்தால் ஒருவருக்கும் கஷ்டமில்லை.

ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. பி.யு.சி. பெண் கேட்டாள்: "ஓட்டு வீட்டுல இருக்கிற ஓடும் இந்த ஓடும் ஒண்ணா?" நல்ல கேள்வி. மங்களூர் ஓடு, ஆமை ஓடு, முட்டை ஓடு, திருவோடு எல்லாம் ஒரு குடும்பம், கெட்டியான மேல்மூடி என்ற படத்திலிருந்து கிளைத்தவை. அதற்கும் ஓடுவதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு வெவ்வேறு சொற்கள் ஒரே உருவத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். தேர்தலில் போடும் ஓட்டு ஆங்கிலத்தின் வோட்டிலிருந்து வந்து வண்டி ஓட்டுகிற ஓட்டோடு ஒட்டிக்கொண்டது போல. ஒரு சொல் பல பொருளாகக் கிளைப்பது வேறு, பல சொற்கள் ஒரே முகத்தோடு இருப்பது வேறு. பொருள்களுக்கு நடுவில் போய்வர வழி இருந்தால் முதல் வகை. எவ்வளவு யோசித்தாலும் வழி இல்லை என்றால் அநேகமாக இரண்டாவது.

அக்கா அதுவரை பேசாமல் பையைத் துழாவிக்கொண்டிருந்தார். வெட்டுத்துண்டு ஒன்றை எடுத்தார், ஊசியில் நூலைக் கோத்தார். துணியை இடது கையில் மடித்துப் பிடித்து, ஊசியை மேலே கீழே மேலே கீழே என்று நாலு முறை ஏற்றி ஒரே இழுப்பில் இழுத்தார். நூல் சிறுசிறு கோடாகத் துணி மேல் மறைந்தும் தெரிந்தும் போனது.

"ரன்னிங் ஸ்டிச். நூல் நிக்காம போகுதுல்ல, அதான்," என்றார். "இது அந்த 645-ல இருக்கா பாரும்மா."